முகாம் குழந்தைக்குப் பணக்கொடை: எங்கே மாட்டிக்கொள்ளும்?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பதிவான குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தருவதுதான் பணக்கொடை. 2021 ஆகஸ்டில் அறிவித்த உயர்வுப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500. வெளியே வாடகைக்கு இருந்து காவல் நிலையத்தில் மட்டும் பதிந்தவர்களுக்குக் கிடையாது.

பாம்பாறு அணையோ நாகாவதி அணையோ, எந்த முகாமானாலும் குழந்தை பிறந்த உடனே அந்த 500 வந்துவிடாது. முகாம் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பிக்மி எண் கேட்பார்கள். கர்ப்பத்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால்தான் அந்த எண் கிடைக்கும். ஆக, இந்த 500 ரூபாய்க்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அலைய ஆரம்பிக்க வேண்டும்.

நம் ஆட்கள் பெயிண்ட் வேலைக்கு ஓசூர், பெங்களூரு போகிறார்கள். மனைவியும் கூடப் போய் பெங்களூரிலேயே பிரசவம் ஆனால், பிறந்த ஊரில்தான் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. ஒரு வருடம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிய மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது முகாம் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருந்து, சான்றிதழில் வெறும் இனிஷியல் விழுந்தால் போதும், "ஒரே ஆள்தானா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தினமும் பார்க்கிற ஆளைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி!

இன்னொரு சிக்கல், கல்யாணமாகி வேறு முகாமிலிருந்து வந்த பெண். அவர் பெயர் தாய்வீட்டு முகாமிலேயே கிடக்கும். குழந்தையைச் சேர்க்கப் போனால் இங்கே "அம்மா பெயர் எங்களிடம் இல்லை" என்பார்கள், அங்கே "அப்பா பெயர் எங்களிடம் இல்லை" என்பார்கள். முகாம் மாற்றத்தைப் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் செக்கிங் அன்று ஆள் இல்லாவிட்டால் பணம் நின்றுபோகலாம். வெளியூர் போகுமுன் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்; வாய்ச்சொல் நிற்காது.

பிள்ளைக்கு 12 முடிந்ததும் 500 என்பது 1,000 ஆக வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. மூத்தது 12 தாண்டினால் 4,000. பாஸ்புக்கில் பழைய தொகையே வந்துகொண்டிருந்தால், யாராவது கவனித்துச் சரிசெய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

மனுவோடு போகும்போது அலுவலகத்தில் "அடுத்த வாரம் வாம்மா" என்றால் சரி என்று திரும்பி வராதீர்கள். மனுவின் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள்; அங்கே மனு எண் கிடைக்கும். முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் செய்தும் பதியலாம்.

அப்புறம், சிலர் தகவல் உரிமை மனு போடச் சொல்வார்கள். அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்குத்தான். உங்கள் பெயரில் போட்டால் அதையே காரணம் சொல்லி ஒதுக்கலாம். தெரிந்த உள்ளூர்க்காரர் பெயரில் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்தவர் விவரம் என்று மறுப்பார்கள். இந்த முகாமில் பெயர் சேர்க்க எத்தனை மனு வந்தது, எத்தனை நிலுவை, யார் மேசையில் என்று கேளுங்கள்.