குறைமாதக் குழந்தையின் சிவப்பணுவில் ஒரு நொதி

பிறந்த குழந்தை தராசில் 1.9 கிலோ காட்டினால், அது மாதம் நிறையுமுன்னே பிறந்ததா, அல்லது மாதம் நிறைந்தும் கருப்பையில் போதிய ஊட்டம் கிடைக்காமல் மெலிந்ததா என்பது எடையை மட்டும் பார்த்தால் விளங்காது. உள்ளங்காலில் எவ்வளவு தூரம் ரேகை விழுந்திருக்கிறது, மடக்கி விட்ட காதுமடல் எவ்வளவு விரைவாக நிமிர்கிறது என்று மருத்துவர்கள் பார்ப்பது இதற்காகத்தான். இரத்தத்திலும் இத்தகைய அடையாளங்கள் உண்டு. சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அவற்றுள் ஒன்று.

உடலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறித்தான் இரத்தத்தில் பயணம் செய்கிறது. நுரையீரலை அடைந்ததும் அது மீண்டும் வாயுவாக வேண்டும். ஆனால் நுரையீரலின் நுண்குழாயைச் சிவப்பணு கடக்க ஒரு வினாடிகூட ஆவதில்லை. இந்நொதியின் துணையின்றி இந்த மாற்றம் அதற்குள் நடந்து முடியாது. 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் என்ற ஆய்வாளர்கள் இந்த வேகத்துக்குக் காரணம் தேடித்தான் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். துத்தநாக அணு ஒன்றைத் தாங்கிய இதன் இரண்டாம் வகை, வினாடிக்குச் சுமார் 10 லட்சம் மூலக்கூறுகளை மாற்றவல்லது.

கருவில் இருக்கும்போது சிசுவின் சிவப்பணுவில் இந்நொதி மிகக் குறைவு. பேறுகாலம் நெருங்கும்போது, சிசு ஹீமோகுளோபின் குறைந்து பெரியவர்களுக்குரிய வகை தலைகாட்டத் தொடங்கும் அதே கட்டத்தில், இந்நொதியின் முதல் வகையும் மெல்லக் கூடுகிறது. ஆகவே நிறைமாதக் குழந்தையிடமே பெரியவர்களின் அளவில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். குறைமாதக் குழந்தையிடம் அதனினும் குறைவு.

நொதி குறைந்தால் முதிர்ச்சி குறைவு என்று பொதுவிதி எழுதிவிட முடியாது. ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிப்போன ஹீமோகுளோபினுக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர்; அதைச் சீராக்கும் ரிடக்டேஸ் நொதி பச்சிளம் குழந்தையிடம் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ பாதிதான். நைட்ரேட் உடலில் மெத்தீமோகுளோபினைப் பெருக்கும்; அது மிகுந்த கிணற்று நீரில் கலக்கிய பாலைக் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததை 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் காம்லி என்ற மருத்துவர் விவரித்தார். ஆனால் சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் ஜி6பிடி என்ற நொதியோ பச்சிளம் குழந்தையிடம் பெரியவர்களைவிட மிகுதி; அதன் சிவப்பணுக்களில் இளம் அணுக்கள் அதிகம் என்பது இதற்கு ஒரு காரணம்.

கார்பானிக் அன்ஹைட்ரேஸை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றப்படுவது பெரியவரின் இரத்தம். அதன்பின் குதிகாலில் குத்தி எடுக்கும் துளியில், குழந்தையின் நொதியோடு இரத்தம் கொடுத்தவரின் நொதியும் கலந்தே அளவாகிறது.