பின்னுதைப்பு: ரீகாயிலுக்கு ஒரு தமிழ்ச் சொல்

துப்பாக்கி சுட்டவரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். "நல்லா உதைச்சுது" என்பார். 'ரீகாயில்' என்பதற்குத் தமிழ் தேடுகிறவர்கள் இந்தப் பதிலிலிருந்தே தொடங்கலாம். பின்னோக்கி உதைப்பதால் பின்னுதைப்பு. 'பின்னடைவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அது தேர்தலில் கட்சிகளுக்கு வருவது. அதில் தோல்வி வாடை அடிக்கிறது. துப்பாக்கி எதிலும் தோற்கவில்லையே!

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. பின்வாங்குதல் என்ற பொருளுள்ள வினை அது. அதற்குள் ஒளிந்திருப்பது லத்தீனின் 'கூலுஸ்', அதாவது பிட்டம். நாமும் அதை நாகரிகமாகப் 'பின்புறம்' என்றுதானே சொல்கிறோம்? பின்னுதைப்பில் உள்ள 'பின்' தற்செயலாக மூலத்தையும் தொட்டுவிடுகிறது.

சரி, உதை எவ்வளவு? 8 கிராம் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், ஒரு கிலோ கைத்துப்பாக்கி வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னே வரும் (வெடிமருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டேன்). துப்பாக்கி அரைக் கிலோ என்றால் 5.6 மீட்டர். உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) மாறவில்லை, ஆனால் துப்பாக்கி சுமந்து வரும் ஆற்றல் 3.9 ஜூலிலிருந்து 7.8 ஜூலாகிவிடுகிறது.

இங்கேதான் 'ஃபிரேம்' வருகிறது. பிடியும் விசையும் (ட்ரிகர்) அமைந்த உடற்பகுதி, சட்டகம் எனலாம். செக் நாட்டு சிஇசட் 75-க்கு எஃகுச் சட்டகம், எடை ஏறத்தாழ ஒரு கிலோ. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த க்ளாக் 17-க்கு பாலிமர் (ஒரு வகை பிளாஸ்டிக்) சட்டகம்; தோட்டா நிரப்பாமல் சுமார் 700 கிராம். இரண்டும் சுடுவது அதே 9 மி.மீ. தோட்டாவை. கணக்குப்படி க்ளாக் கூடுதலாக உதைக்க வேண்டும், உதைக்கவும் செய்கிறது. ஆனால் எடை வித்தியாசம் பயமுறுத்தும் அளவுக்குக் கையில் தெரிவதில்லை. பாலிமர் லேசாக வளைந்துகொடுப்பதுதான் காரணம் என்பார்கள். அதைவிட, குழல் கைக்கு மிக அருகே தாழ்வாக இருப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். முனை எகிறுவது அதனால் குறைகிறது. கணக்கில் வருவது பின்னுதைப்பு என்றால், கையில் தெரிவதை 'உணர் உதைப்பு' என்று பிரித்துச் சொல்வது நல்லது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி ரிவால்வரில் அந்த இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும். ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகம், எடை சுமார் 330 கிராம், தோட்டாவோ வலுவான .357 மேக்னம். இவ்வளவு இலேசான ரிவால்வரில் ஒரு சுடுதலின் உதைப்பு, சுடாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளையும் வெடுக்கென்று பின்னே இழுக்கும். குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்த்து, கூட்டிலிருந்து நழுவி முன்னே நீட்டிக்கொள்ளும். அப்புறம் தோட்டாக்களைத் தாங்கும் உருளை சுற்றாது.