சீக்கிரம் முடித்த குழந்தைக்கு இன்னும் பத்துக் கணக்கா?

பள்ளி உளவியல் ஆலோசகர் என்பதால் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. தொடக்க வகுப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: ஆசிரியர் 20 கணக்கு கொடுக்கிறார். மற்றவர்கள் ஐந்தாவது கணக்கில் இருக்கும்போதே ஒரு குழந்தை எல்லாவற்றையும் முடித்து நோட்டை நீட்டுகிறது. "சரி, அடுத்த பக்கத்தையும் போடு" என்கிறார். அங்கேயும் அதே மாதிரிக் கணக்குகள்தான். சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலை வரும் என்று குழந்தை புரிந்துகொள்ள அதிக நாள் ஆகாது. அப்புறம் வேண்டுமென்றே மெதுவாகப் போடும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைச் சீண்டும்.

மீத்திறன், அதாவது வயதுக்கு மீறிய கற்கும் திறன், உள்ள குழந்தைக்குத் தேவை கூடுதல் வேலை அல்ல, வேறு வேலை. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் செய்யாமல் இருக்க அதற்கு அனுமதி வேண்டும்.

"கெட்டிக்காரப் பிள்ளை, எப்படியும் படித்துக்கொள்ளும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கவலை அதிகம். எல்லாமே சுலபமாக வந்த குழந்தைக்கு முட்டி மோதிப் படிக்கும் பழக்கம் வராமலே போகலாம். பெரிய வகுப்பில் முதல்முறையாக ஒரு பாடம் புரியாதபோது, தனக்குத் திறமையே இல்லை என்று அது முடிவுகட்டிவிடும். உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பிறகு சீக்கிரம் தளர்ந்தார்கள். ஆகவே பாராட்டை மட்டும் கொடுத்தால் போதாது. தடுமாற வைக்கிற வேலையும் கொடுக்க வேண்டும்.

இந்தக் குழந்தைகளை அடையாளம் காண்பதும் எளிதல்ல. முதல் மதிப்பெண் வாங்குபவர் மட்டுமே மீத்திறன் உள்ளவர் என்று எண்ண வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா குழந்தை, வாயால் கேட்டால் வகுப்பிலேயே நுட்பமான பதிலைச் சொல்லக்கூடும். பாடமொழி வீட்டில் பேசாத குழந்தையும், தனித்துத் தெரியக் கூடாதென்று தெரிந்த பதிலை விழுங்கிக்கொள்ளும் குழந்தையும் எளிதில் கண்ணில் படமாட்டார்கள். சோதனைகளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. மீத்திறன் குழந்தைகளைப் பற்றி உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வுக்காகச் சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாமல் விடப்பட்ட இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரஸும். பின்னாளில் 1956இலும் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

இன்னொன்று. இவர்களுடைய வளர்ச்சி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்காது. பதினொரு வயதுக்கான புத்தகத்தைப் படிக்கும் ஏழு வயதுக் குழந்தை, அழிப்பான் தொலைந்ததற்கு ஐந்து வயதுக் குழந்தையைப் போல அழலாம். "இவ்வளவு தெரிந்த நீ இதற்கா அழுவாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

வகுப்பில் செய்யக்கூடியதில் நான் முதலில் சொல்வது, கற்பிக்கும் முன்பே சோதிப்பது. பாடத்தின் இறுதியில் வரும் கடினமான ஐந்து கணக்குகளை முதல் நாளே கொடுங்கள். நான்கைச் சரியாகப் போட்டவருக்கு மீதிப் பயிற்சி தேவையில்லை. தவறிய பகுதியை மட்டும் சேர்ந்து படித்தால் போதும். பாடத்தை இப்படிச் சுருக்குவதால் ஏதாவது விட்டுப்போகுமோ என்று ஆசிரியர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் சாலி ரீஸும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மாணவர்களுக்குப் பாடத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை நீக்கியும் தேர்வு மதிப்பெண் குறையவில்லை.

மிச்சமாகும் நேரத்தில் என்ன கொடுப்பது? பெருக்கல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கூட்டினால் 20 வரும் இரண்டு எண்களைப் பெருக்கினால், எப்போது விடை மிக அதிகமாக வரும்?" என்று கேட்கலாம். பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. ஒன்பதும் பதினொன்றும் 99, எட்டும் பன்னிரண்டும் 96, ஏழும் பதின்மூன்றும் 91. நூறிலிருந்து 1, 4, 9 என்று குறைவதைக் கவனிக்கும் குழந்தை அடுத்து "ஏன்?" என்று தானே கேட்கும். அந்த "ஏன்" நாள் முழுக்க அதை உட்கார வைத்துவிடும். இதே கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மெதுவாகக் கற்பவருக்கு அதுவே பெருக்கல் பயிற்சி. நாற்பது பேருக்கு நாற்பது பாடம் தயாரிக்க வேண்டியதில்லை.

முடித்த குழந்தையைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. எப்போதாவது சரி. அதையே வழக்கமாக்கினால் அதன் கற்றல் நேரம் போய்விடும், நட்பும் கெடும். அதற்குப் பதில், ஒத்த வேகம் உள்ள இரண்டு மூன்று பேரைச் சில வேளைகளில் ஒன்றாக உட்கார வையுங்கள். ஒரு பாடத்தில் மட்டும் மிகவும் முன்னே இருந்தால், அந்த நேரத்துக்கு மேல்வகுப்பில் உட்கார அனுமதிக்கலாம். முழு வகுப்பையே தாண்டுவது பெரிய முடிவு. குழந்தையிடம் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது.

பெற்றோர் பள்ளிக்குப் போனால் "பிள்ளைக்கு போரடிக்கிறது" என்று ஆரம்பிக்க வேண்டாம். அது ஆசிரியருக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கும். வீட்டில் குழந்தை தானாகச் செய்தவற்றைத் தேதியோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆசிரியரும் எதை நீக்கினோம், பதிலாக என்ன கொடுத்தோம் என்று ஒரு பக்கத்தில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு வருபவர் அங்கிருந்தே தொடரலாம்.