சர்வரை மாற்றும் முன் லூப்பைப் பாருங்கள்

"புரோகிராம் ரொம்ப இழுக்குது சார், பெரிய சர்வரா வாங்கிடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, எத்தனை வரி டேட்டாவை வைத்து டெஸ்ட் செய்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் நூறு, இருநூறு என்பார்கள்.

மொத்த வியாபாரி ஒருவரின் ஸ்டாக் ரிப்போர்ட் அப்படித்தான் வந்தது. கிடங்குப் பட்டியலையும் பில் பட்டியலையும் ஒத்துப் பார்க்க வேண்டும். எழுதிய தம்பி, ஒவ்வொரு சரக்குக்கும் அடுத்த பட்டியலை முதல் வரியிலிருந்து தேடும்படி லூப்புக்குள் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டிருந்தார். 200 வரிக்கு 200 வரி என்றால் 40,000 ஒப்பீடு. கண் சிமிட்டுவதற்குள் முடியும். கடையிலோ இருபுறமும் 40,000 வரி. ஒப்பீடு 160 கோடி! டேட்டா கூடியது 200 மடங்கு, வேலை கூடியது 40,000 மடங்கு.

என் சந்தேகமும் முதலில் டேட்டாபேஸ் மேல்தான் விழுந்தது. பைத்தான் மொழியோடே வரும் cProfile என்ற ப்ரொஃபைலரை, அதாவது எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் கருவியை, ஓட்டிப் பார்த்தபோதுதான், நேரம் முழுவதையும் ஒத்துப் பார்க்கும் அந்த ஒரே பகுதி தின்பது தெரிந்தது. பில் பட்டியலைச் சரக்கு எண்படி, எண்ணைச் சொன்னதும் வரிசையாகத் தேடாமல் நேராக எடுத்துத் தரும் டிக்‌ஷனரியில் போட்டோம். மாற்றியது நாலைந்து வரி. கொஞ்சம் மெமரி கூடுதலாகப் பிடித்தது. ரிப்போர்ட் நொடியில் வந்தது. சர்வர் செலவு மிச்சம்.

புதியவர்கள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்க நிமிடக்கணக்கில் காக்க வைத்தது நினைவிருக்கும். 2021-ல் வெளியாள் ஒருவர் அதைக் குடைந்து பார்த்தார். திறக்கும்போது படிப்பது 10 எம்பி ஜேசன் (டேட்டாவை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பு, அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மிச்சக் கோப்பின் நீளத்தை மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தது புரோகிராம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியல் முழுக்கத் தேடல். இரண்டையும் சரிசெய்ததும் அவர் கணினியில் 6 நிமிடக் காத்திருப்பு 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அந்தத் திருத்தத்தை ஏற்று, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

ப்ரொஃபைலர் பழக்கமில்லையா? 5,000, 10,000, 20,000 என்று டேட்டாவை இரட்டித்து ஓட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். நேரமும் இரட்டித்தால் கவலையில்லை. ஒவ்வொரு முறையும் நாலு மடங்கானால், எங்கோ ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் புரோகிராமில் அது கண்ணில் படவில்லையா? பைத்தானில் "in" என்று எழுதி ஒரு லிஸ்டில் தேடியிருக்கிறீர்களா பாருங்கள். உள்ளே ஓடுவது அதே லூப்தான்.