புளூஸ் என்பது ‘சோக இசை’ இல்லை

புளூஸ் இசையை ‘சோக இசை’ என்று பெயர்ப்பதை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டேன், இனியும் எழுதாமல் இருக்க முடியாது. 1960-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் இசை விழாவில் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழு வாசித்த காட்சிக்கு யாரோ தமிழில் சப்டைட்டில் போட்டிருக்கிறார்கள்: ‘மூத்த சோக இசைக் குழுவின் நேரலை’. திரையிலோ அந்த மனிதர் இடுப்பை ஆட்டி ஆடுகிறார், ஹார்மோனிகா வாசிக்கும் ஜேம்ஸ் காட்டனைப் பிடித்து ஜோடி போட்டுச் சுற்றுகிறார். பார்ப்பவருக்குக் கால் தானாகத் தாளம் போடும். இதையா சோகம் என்பது?

சொல்லின் கதை சின்னதுதான். மனச்சோர்வை ‘புளூ டெவில்ஸ்’, அதாவது நீலப் பிசாசுகள் என்று சொல்வது 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே உண்டு. அது சுருங்கி ‘புளூஸ்’ ஆகி, அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின மக்களின் பாட்டுக்குப் பெயரானது. 1912-இல் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘மெம்பிஸ் புளூஸ்’ இசைக்குறிப்பாக அச்சில் வந்தது, 1920-இல் பாடகி மேமி ஸ்மித்தின் ‘கிரேசி புளூஸ்’ இசைத்தட்டு வந்தது, பெயரும் நிலைத்துவிட்டது.

சரி, வேர் மனச்சோர்வுதானே, ‘சோக இசை’ என்றால் என்ன தப்பு என்பார்கள். வேரை மட்டும் பெயர்த்தால் பொருள் கிடைத்துவிடாது. புளூஸ் ஒரு பாட்டு வடிவம். பெரும்பாலும் 12 தாளச் சுற்றுகள் சேர்ந்து ஒரு சரணம்; முதல் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள், இடைவெளியில் கிட்டாரோ ஹார்மோனிகாவோ பேசும். மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் கொஞ்சம் இறங்கி ஒலிக்கும். இந்த வடிவத்தில் பெருமையடித்தாலும், காதலியைச் சீண்டினாலும், முதலாளியைத் திட்டினாலும் அது புளூஸ்தான். எவ்வளவு உருகிப் பாடினாலும் இந்த அமைப்பும் வாசிப்பும் இல்லாத பாட்டு புளூஸ் ஆகாது. மிசிசிப்பியில் விளைச்சலில் பங்கு என்ற முறையில் அடுத்தவர் நிலத்தில் பருத்தி பயிரிட்டவர்கள் சனிக்கிழமை ராத்திரி கூடி ஆடியது இந்தப் பாட்டுக்குத்தான். மடி வாட்டர்ஸும் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர். 1943-இல் சிகாகோ போனார், அங்கே மதுக்கூட இரைச்சலில் சத்தம் எட்டாததால் மின்கிட்டாருக்கு மாறினார்.

புளூஸை ‘ஒப்பாரி இசை’ என்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நம் மக்களின் பாட்டோடு சேர்த்துப் பார்க்கிறார்களே. ஆனால் ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும். இறந்தவரை விளித்து, அவர் பெருமை சொல்லி, சாவு வீட்டில் பாடுவது அது. அதைக் கேட்டு ஆடுவதற்கென்று யாராவது காசு கொடுப்பார்களா? புளூஸுக்குக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிறவன் தன் பாட்டைத் தானே சொல்லி, கேட்கிறவனையும் ஆடவைக்கிற கலை அது.

‘நீலிசை’ இன்னும் மோசம். தமிழில் நீலத்துக்குத் துயரம் என்ற பொருளே கிடையாது, ‘நீலப்படம்’ என்றால் என்ன நினைவு வரும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கஜலையும் கவாலியையும் அப்படியே வைத்திருக்கிறோம், தமிழ் ஒன்றும் குறைந்துபோகவில்லை. புளூஸும் புளூஸாகவே இருக்கட்டும். எழுத்தில் மட்டும் ‘ப்ளூஸ்’ வேண்டாம், தமிழ்ச் சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது.

அப்புறம் அந்த ‘நேரலை’. இப்போது எதற்கெடுத்தாலும் நேரலை! நடக்கும்போதே ஒளிபரப்பினால்தான் நேரலை. 1960-இல் பதிவானதை இன்றைக்குப் பார்த்தால் எப்படி நேரலையாகும்? நேரடி ஒளிபரப்புக்கும், ஆட்கள் முன் மேடையில் வாசிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘லைவ்’ என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது, நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது: முன்னதற்கு நேரலை, பின்னதற்குக் கச்சேரி. கச்சேரி என்ற சொல்லும் வடக்கே இருந்து அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில் வந்ததுதான். இன்றைக்கு அதைக் கேட்டால் மேடையும் வாத்தியமும்தான் கண்முன் வருகின்றன. ஆகவே அந்த சப்டைட்டிலை நான் இப்படி எழுதுவேன்: ‘மூத்த புளூஸ் குழுவின் மேடைக் கச்சேரி’.