படகு பேட்டரி கடைக்குத் திரும்புகிறது, ஜிபிஎஸ் ஏன் திரும்புவதில்லை?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் படகு பேட்டரி செத்துப்போனால் யாரும் அதைக் கரையில் எறிவதில்லை. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்கிறார்கள். அதே படகில் உப்புக்காற்றுப் பட்டுப் பழுதான ஜிபிஎஸ்ஸும் கைப்பேசியும் வீட்டுப் பரணில் கிடக்கின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. சட்டப்படி இரண்டுக்குமே தயாரிப்பாளர்தான் பொறுப்பு. ஆனால் பேட்டரி மட்டும் திரும்புகிறது. இதற்குக் காரணம் பாதி பொருளுக்குள் இருக்கிறது, பாதி சட்டம் எடை போடும் இடத்தில் இருக்கிறது.

ஈய அமில பேட்டரியின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஈயம். அது 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஒரே உலோகம், அதுவும் மொத்தமாகக் கிடைப்பதால், ஒற்றை பேட்டரிக்கே காசு உண்டு. மின்னணுப் பலகை அப்படியல்ல. கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த தகட்டில் தாமிரம், வெள்ளீயம், நிக்கல், துளி வெள்ளி, அதைவிடத் துளியாகத் தங்கமும் பல்லேடியமும் ஒட்டியிருக்கின்றன. ஒரு கைப்பேசியில் உள்ள தங்கம் ஒரு கிராமை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். டன் கணக்கில் சேர்த்தால் தங்கச் சுரங்கத்துப் பாறையைவிட வளமான சரக்கு, தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

முறையான ஆலையில் முதல் வேலை கையால்தான் நடக்கும். லித்தியம் பேட்டரி, பெரிய மின்தேக்கிகள், பழைய எல்சிடி திரையின் பின்னால் உள்ள பாதரசக் குழல் விளக்குகள் ஆகியவற்றைக் கழற்றியாக வேண்டும். ஒரு லித்தியம் செல் தவறி அரைவை இயந்திரத்துக்குள் போனாலும் தீப்பிடிக்கும். அரைத்த துண்டுகளில் இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அடுத்து வேகமாகச் சுழலும் காந்த உருளை. அதன் மாறும் காந்தப்புலம் அலுமினியம், தாமிரத் துண்டுகளில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அவற்றை முன்னே தள்ளிவிட, பிளாஸ்டிக் நேராகக் கீழே விழும். பலகைகளுக்குத் தனி வழி: தாமிர உலையில் 1,200 டிகிரிக்கு மேல் உருக்குவார்கள். உருகிய தாமிரத்தில் தங்கமும் பல்லேடியமும் கரைந்து சேர்ந்துகொள்ளும். பிறகு மின்னாற்பகுப்பு செய்தால் தூய தாமிரம் எதிர்மின்வாயில் படிய, தங்கமும் வெள்ளியும் தொட்டியின் அடியில் சேறாக இறங்கும். அமிலத்தில் கரைத்துப் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. அங்கே புகையையும் கழிவுநீரையும் பிடித்துச் சுத்திகரிக்கும் அமைப்பு இருந்தே தீர வேண்டும்.

திறந்தவெளியில் ஒயரைக் கொளுத்துவது இதற்கு நேரெதிர். பிவிசி உறையின் குளோரினும் சூடான தாமிரமும் சேரும்போது, சுமார் 200 முதல் 400 டிகிரி வெப்பத்தில் டையாக்சின்கள் என்ற கொடிய நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. அந்த வேதிவினைக்குத் தாமிரமே ஊக்கி. இராமேசுவரம் தீவிலும் இந்தக் கரையின் மணற்பாங்கான ஊர்களிலும் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. மணலில் ஊற்றிய அமிலமோ, மழையில் கரைந்த ஈயமோ ஊற்றுக்கு இறங்க அதிக நாள் ஆகாது. கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்காகப் படகின் அடியில் இருக்கும் சென்சாரையும் உடைக்கக் கூடாது. அதில் மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் அழுத்தமின் பீங்கான் பெரும்பாலும் ஈயம் கலந்தது, எடையில் பாதிக்கும் மேல் ஈயமே.

சட்டத்துக்கு வருவோம். விற்ற பொருளின் கடைசிக் காலத்துக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற கருத்தை 1990இல் சுவீடனில் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் முன்வைத்தார். இந்தியாவில் 2011, 2016 மின்னணுக் கழிவு விதிகளைத் தொடர்ந்து, 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. 106 வகைக் கருவிகள் பட்டியலில் இருக்கின்றன. பொருளின் சராசரி ஆயுள் எத்தனை ஆண்டோ, அத்தனை ஆண்டுக்கு முன் விற்ற எடையில் 2023-24இல் 60 சதவீதம், 2025-26இல் 70, 2027-28 முதல் 80 சதவீதம் மறுசுழற்சி ஆனதாகத் தயாரிப்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு அவர் வாங்குவது சான்றிதழ். பதிவுபெற்ற ஆலை பிரித்தெடுத்த தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பின் எடையை ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாகிறது.

எடையை ஆலையிலிருந்து வெளிவரும் உலோகத்தில் கணக்கிடுவது நல்ல மாற்றம். வெறும் காகிதத்தில் சேகரிப்புக் காட்டுவது கடினமாகிறது. ஆனால் அந்தச் சான்றிதழில் ஊர்ப்பெயர் கிடையாது. சென்னை அலுவலகம் ஒன்றிலிருந்து மொத்தமாக ஏற்றிய கணினிக்கும், தொண்டியிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்த கைப்பேசிக்கும் ஒரே மதிப்புதான். தூரத்துச் சரக்கைத் தேடி வர நிறுவனத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. கடலோர, கிராமப்புறச் சரக்குக்குச் சான்றிதழில் கூடுதல் மதிப்பு தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதுவரை, வண்டி வாடகை கட்டுப்படியாகும் அளவுக்குச் சரக்கை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வழி. மீனவர் சங்கம், ஜமாத், பள்ளிக்கூடம் எதுவாகவும் இருக்கலாம். கூரை ஒழுகாத, தரை ஈரம் ஏறாத அறை வேண்டும். பலகையை மட்டும் கழற்றி விற்றுவிடாதீர்கள். மிஞ்சும் பிளாஸ்டிக் கூட்டை யாரும் ஏற்றிப்போக மாட்டார்கள். கழற்றிய லித்தியம் பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய உலோக டப்பாவில் வைக்க வேண்டும். கடல்மணல் கூடாது, அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து மின் கடத்தும்.

கடலில் விழுந்த கைப்பேசியை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். உப்புநீர் பேட்டரி முனைகளை அரித்துவிடுவதால் வோல்ட் மீட்டர் பூச்சியம் காட்டலாம், உள்ளே மின்னூட்டம் அப்படியே இருக்கும். பல மணி நேரம், சில நாள் கழித்தும் சூடேறித் தீப்பிடிக்கலாம். உடைந்த செல்லுக்குள் ஈரம் போனால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சுவாயு கிளம்பும். உப்பிய பேட்டரியைக் குத்தாமல், திறந்த வெளியில், தீப்பற்றக்கூடிய எதுவும் அருகில் இல்லாமல் வையுங்கள்.

வாங்க வருபவரிடம் மத்திய வாரியப் பதிவெண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். வெயிலில் பெயர் அழிந்துபோன, தயாரித்தவர் யாரென்றே தெரியாத செட்டுகளை என்ன செய்வது? அவற்றைச் சேகரித்துப் பதிவுபெற்ற ஆலைக்கு அனுப்பும் கடமையை 2022 விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருக்கின்றன. நகராட்சியிலோ ஊராட்சியிலோ இதை எழுத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.