யூசபிலிட்டி: 'பயன்பாடு' அன்று, 'கையாள்தகவு'

'நூலக இணையத்தளங்களின் பயன்பாட்டை மதிப்பிடல்.' கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு வந்த அழைப்பிதழில் இப்படி இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் இருந்தது யூசபிலிட்டி. இதே பிழையை எத்தனை தரம் பார்ப்பது?

இலத்தீன் 'ஊசுஸ்' பிரெஞ்சு வழியே 'யூஸ்' ஆனது. 'ஏபிள்' சேர்ந்ததும் தகுதியைக் குறித்தது. 1998இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட, சர்வதேச நியம அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-11 நியமத்தின்படி, குறித்த பயனர் குறித்த சூழலில் தன் காரியத்தைச் சரியாகவும் வீண் சிரமமின்றியும் மனநிறைவோடும் முடிக்க முடிகிறதா என்பதே யூசபிலிட்டி.

பயன்பாடு என்றால் பாவனை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பக்கம் திறந்தார்கள் என்ற கணக்கு. எனக்குத் தெரிந்த வெள்ளவத்தை மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களை ஒரு நூலகத் தளத்தில் தேடினாள். 'மின்வளங்கள்', 'தரவுத்தளங்கள்' எல்லாம் திறந்து பார்த்துக் களைத்து விட்டுவிட்டாள். வினாத்தாள்கள் 'களஞ்சியம்' என்பதற்குள் கிடந்தன. அவள் வீணாக அழுத்திய ஒவ்வொரு அழுத்தமும் பயன்பாட்டுக் கணக்கில் ஏறும். பயன்பாடு கூடும், யூசபிலிட்டி படுத்துவிடும். நேரெதிரான இரண்டுக்கும் ஒரே சொல்லா? வாசகரின் நேரத்தைச் சேமி என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு விதி வகுத்தார். அந்த நேரத்தை வருகைக் கணக்கு காட்டாது; வாசகர் ஐந்து பேரைக் கணினி முன் இருத்தி, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

'பயனுடைமை' என்பார்கள். அது பொருளின் நன்மை. அந்த வினாத்தாள்கள் பயனுடையவைதான், கைக்கு எட்டவில்லை. 'பயன்தகைமை' இந்தியாவில் சரிவரலாம். இங்கே தகைமை என்றதும் வேலை விண்ணப்பத்தில் எழுதும் கல்வித் தகைமைதான் நினைவுக்கு வரும். 'எளிமை' நியமத்தின் மூன்று அளவில் ஒன்றோடு நின்றுவிடுகிறது.

தகவு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. நிகழ்தகவு பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். நிகழத் தக்கது நிகழ்தகவு. கையாளத் தக்கது கையாள்தகவு. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைக்கிறார்கள், தளத்தை ஒருமுறை திறந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் இந்தச் சொல் தானே வந்திருக்கும்.

புணர்ச்சியில் ளகரம் டகரமாகத் திரிய வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. திரித்தால் சொல்லின் முகம் மறைந்துவிடும். 'நாடோறும்' விதிப்படி சரி. ஆனாலும் நாம் 'நாள்தோறும்' என்றுதான் எழுதுகிறோம்.